கல்வி நகரில் ஒரு சங்கீத மண்டபம்

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதி ஆற்றைக் கடந்ததும் தோன்றும் திருப்பருத்திக்குன்றம் தமிழ்ச் சமணர் அனைவரும் நன்கறிந்த திருத்தலம். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, புத்தகாஞ்சி என்னும் வரிசையில் ஜினகாஞ்சி என்று வழங்கப்பெறுவது இவ்வூரே. இங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்திற்குச் செல்வோர் வர்த்தமானரை வணங்கி, தருமதேவியை வழிபட்டு, குராமரத்தை வலம்வந்து, மண்டபத்து விதானத்தில் விளங்கும் ஓவியங்களை அண்ணாந்து நோக்கி வியந்து திரும்புவர். தாம் நின்ற அந்த மண்டபம் எப்பெயரால் கட்டப்பட்டது என்பதைக் கருதிப் பார்ப்போர் சிலரே. கட்டியவரே கல்லில் பொறித்துவைத்த பெயர், 'சங்கீத மண்டபம்' என்பது.

இப்பெயர் சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், சமணர் இசைக்கும் கூத்துக்கும் பகைவர், உலக இன்பங்களை வெறுத்தமையால் அழகுக் கலைகளையும் வெறுத்தனர் என்னும் ஒரு கூற்று தமிழ் இலக்கிய வரலாறு எழுதியோர் சிலரிடம் நெடுங்காலம் வழங்கிவந்திருக்கிறது. பள்ளிப் பாடங்களிலும் அதன் நிழல் படிந்தது. சமணக் குடும்பத்துப் பிள்ளைகளே அதை உண்மையென்று நம்பிப் படித்த காலமும் உண்டு. அக்கூற்றுக்கு நூல்களைக் கொண்டு விடை கூறியோர் பலர். கல்லும் சுதையும் வண்ணமுமாக நிற்கும் விடை ஒன்று காஞ்சியில் இருக்கிறது. அது எழுந்த சூழலை அறிவதற்கு, காஞ்சி எத்தகைய நகரமாக இருந்தது என்பதை முதலில் காணவேண்டும்.

பல்கலைக்கழகம் என்னும் சொல் இக்காலத்தது. ஆனால் அச்சொல் குறிக்கும் பொருள் காஞ்சிக்குப் பழமையானது. அக்காலத்தில் உயர்கல்வி நிலையத்தைக் கடிகை என்றனர். கடம்ப அரச மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன், தன் ஆசிரியர் வீரசர்மருடன் வேதக் கல்வியை நிறைவுசெய்யக் காஞ்சிக் கடிகைக்கு வந்ததையும், அங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனுடன் ஏற்பட்ட பூசலால் கல்வியை விட்டு வாளெடுத்ததையும் கருநாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. நிகழ்ந்தது கி.பி. 4ஆம் நூற்றாண்டு. மாணவன் ஒருவனது சினம் புதியதோர் அரசை உண்டாக்கிற்று என்றால், அக்கல்வி நிலையத்திற்கு எங்கிருந்தெல்லாம் மாணவர் வந்தனர் என்பது விளங்கும். பின்னர் இராஜசிம்மன் அக்கடிகையை மீண்டும் நிலைநிறுத்தியதை வேலூர்ப்பாளையம் செப்பேடு குறிக்கிறது. இரண்டாம் நந்திவர்மனை அரசனாகத் தேர்ந்து அழைத்துவரச் சென்ற குழுவில் கடிகையாரும் இருந்தனர் என்பதை வைகுந்தப்பெருமாள் கோயில் கல்வெட்டுக் காட்டுகிறது.

கடிகை வைதிகக் கல்விக்கு உரியது. பௌத்தரும் சமணரும் தத்தம் பள்ளிகளில் கற்பித்தனர். துறவியர் உறைந்த பள்ளியே பிள்ளைகள் கற்கும் இடத்திற்கும் பெயராயிற்று என்பது தமிழ் அறிந்தார் யாவர்க்கும் தெரிந்ததே. 7ஆம் நூற்றாண்டில் தென்னாடு பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த விகாரங்கள் இருந்தன என்றும், ஏறத்தாழ 10,000 பிக்குகள் வாழ்ந்தனர் என்றும், தேவாலயங்கள் 80 என்றும் குறித்துவிட்டு, நிர்க்கந்தர் மிகப் பலர் என்றும் சேர்த்தெழுதுகிறார். நாலந்தாவின் தலைமையாசிரியராய் விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர். வடக்கே இருந்து ஒருவர் கற்க வர, தெற்கே இருந்து ஒருவர் கற்பிக்கச் சென்ற நகரம் இது.

திருப்பருத்திக்குன்றமும் இக்கல்விச் சூழலுக்குப் புறம்பானதன்று. பல்லவர் காலத்துப் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றில் வாழ்ந்த நந்திசங்கத்து வச்சிரநந்திக் குரவருக்கு அமண்சேர்க்கை என்னும் ஊர் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. தமிழ் மண்ணில் சமணப் பள்ளி ஒன்றுக்கு அரசு அளித்த பழைய செப்பேட்டுச் சான்றுகளுள் இது தலையாயது. அதாவது, சங்கீத மண்டபம் எழுவதற்கு ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஆசிரியரும் மாணவரும் இருந்தனர்.

கல்வி நகரம் என்றால் ஏடுகள் மட்டும் நிறைந்த அமைதியான நகரம் என்று கருதிவிடலாகாது. வாதம் காஞ்சியின் நாள்தோறும் நிகழ்ந்த பொதுநிகழ்ச்சி. சமந்தபத்திரர் காஞ்சியில் வாதம் புரிந்தார் என்பதும், அகளங்கர் இமசீதள மன்னன் அவையில் பௌத்தரை வென்றார் என்பதும் சமண மரபு போற்றும் செய்திகள். அகளங்கர் வெற்றியைச் சரவணபெளகொளத்து மல்லிசேன பிரசஸ்தி 12ஆம் நூற்றாண்டிலேயே பாடியிருக்கிறது. சமயவாதம் அவையோடு நில்லாமல் அரங்கிலும் ஏறிற்று. முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருவில் நிகழும் நகை நாடகம். கபாலி ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் புத்தபிக்கு மீது பழி சுமத்துகிறான். பாசுபதன் நடுவனாக வருகிறான். கபாலத்தைக் கொண்டுசென்றதோ ஒரு நாய். இந்நாடகத்தில் சமணரும் கேலிக்குத் தப்பவில்லை. ஆயினும் எல்லாச் சமயத்தாரையும் ஓர் அரசன் மேடையேற்றிச் சிரிக்கவைத்தான் என்றால், அந்நகரத்து மக்கள் தருக்கத்தையும் கூத்தையும் ஒருங்கே அறிந்து சுவைக்கும் பயிற்சி உடையவராய் இருந்திருத்தல் வேண்டும். கலை நிகழ்ச்சியும் கல்வியும் பிரிந்து கிடவாத ஊர்.

இனி மண்டபத்தின் வரலாற்றுக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில் திருப்பருத்திக்குன்றத்தில் மல்லிசேனர் என்னும் வாமன முனிவர் வாழ்ந்தார். மேருமந்தர புராணம் அருளியவர் இவரே. நீலகேசிக்குச் சமய திவாகரம் என்னும் உரை கண்ட திவாகர வாமன முனிவரும் இவரே என்று கருதுவர். நீலகேசி முழுதும் வாதநூல். பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும் நூலுக்கு உரை எழுதுவோர் அத்தனை சமயங்களின் நூல்களையும் துறைபோகக் கற்றிருத்தல் வேண்டும். இரு நூல்களையும் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்து, தமிழுலகம் காணச் செய்தமை அறியத்தக்கது.

வாமன முனிவரின் மாணாக்கர் புஷ்பசேனர். 'பரவாதிமல்லர்' என்பது அவரது சிறப்புப் பெயர். பிற சமயவாதிகளோடு மல்லாடி வெல்பவர் என்பது பொருள். ஆசிரியரைப் போலவே மாணவரும் தருக்கத்தில் வல்லவர் என்பது பெயரிலேயே புலனாகும். இந்தப் புஷ்பசேனரைக் குருவாகக் கொண்டவர் இருகப்பர். விசயநகரப் பேரரசர் இரண்டாம் அரிகரரின் அமைச்சரும் படைத்தலைவருமானவர். தந்தை சைசப்பரும் படைத்தலைவரே. இவரையே வைசயர், பைசர் என்றும் குறிப்பர். விசயநகரத் தலைநகரில் 1386இல் குந்துஜிநாதருக்கு ஆலயம் எடுப்பித்தவரும் இருகப்பரே. இன்றைய ஹம்பியில் கானிகித்தி ஆலயம் என்று மக்கள் சுட்டுவது அதைத்தான். போர்த்தொழிலோடு நில்லாமல், நானார்த்த ரத்னமாலை என்னும் வடமொழி நிகண்டு ஒன்றையும் அவர் இயற்றினார். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துக் கூறும் நூல் அது.

திருப்பருத்திக்குன்றத்தில் இருகப்பரின் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. முதலாவது தமிழில் அமைந்தது. துந்துபி ஆண்டில், அதாவது 1382இல், அரிகரரின் மகன் புக்கராயரின் புண்ணியத்தின் பொருட்டு மகேந்திரமங்கலம் என்னும் ஊரை ஆலயத்திற்கு அளித்ததை அது கூறுகிறது. இரண்டாவது வடமொழியில், கிரந்த எழுத்தில் உள்ளது. பிரபவ ஆண்டில், அதாவது 1387-88இல், தம் குரு புஷ்பசேனரின் ஏவலால் இம்மண்டபத்தை இருகப்பர் கட்டுவித்தார் என்கிறது. முதற்கொடை பூசைக்கும் காப்புக்கும் வேண்டிய வருவாயைத் தந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாவது கொடை இசைக்குரிய இடத்தைத் தந்தது. இந்த வரிசை கருதத்தக்கது. கொடுக்கும் ஆற்றல் மிக்க அமைச்சரிடம் ஒரு குரு எதை வேண்டினாலும் கிடைத்திருக்கும். உயர்ந்த மதில், கோபுரம், பொற்கலசம், வாதமண்டபம் என எத்தனையோ வேண்டியிருக்கலாம். வாதத்தில் மல்லர் என்று பெயர்பெற்ற முனிவர் வேண்டியது சங்கீத மண்டபம்.

'சங்கீதம்' என்னும் சொல்லை இன்று வாய்ப்பாட்டுக்கும் கருவியிசைக்கும் மட்டுமே வழங்குகிறோம். அக்காலத்து நூல்வழக்கு அதனினும் விரிந்தது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் பாட்டு, வாத்தியம், நிருத்தம் ஆகிய மூன்றும் கூடியதையே சங்கீதம் என்று வரையறுக்கிறது. அதே காலப் பகுதியில் சங்கீத சமயசாரம் என்னும் இசை இலக்கண நூலைச் செய்த பார்சுவதேவர் திகம்பர சமண ஆசாரியர். தம் நூலுக்கு அவர் சூட்டிய பெயர் குந்தகுந்தரின் சமயசாரத்தை நினைவூட்டுவது தற்செயலாகத் தோன்றவில்லை. ஆகவே 1387இல் ஒரு நிகண்டு ஆசிரியர் 'சங்கீத மண்டபம்' என்று கல்லில் எழுதுவித்தபோது, சொற்பொருள் அறியாமல் எழுதுவித்தார் என்று கொள்ள இயலாது. பாடுவார்க்கும் முழக்குவார்க்கும் ஆடுவார்க்கும் உரிய மண்டபமாகவே அதைக் கொள்ளல் வேண்டும்.

சமணர் இசைப்பகைவர் என்னும் கூற்றில் சிறிதும் அடிப்படையே இல்லையா என்று வினவலாம். உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. துறவியர் ஒழுக்கம் ஆடல்பாடல்களினின்றும் விலகி நிற்பது. இல்லறத்தார்க்கும் புலனின்பத்தில் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. மணவீட்டில் முழங்கிய பறை அன்றே சாவீட்டிலும் முழங்கக்கூடும் என்னும் கருத்தை நாலடியார் உரைக்கிறது. இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சமணர்க்குக் கலை ஆகாது என்று முடிவுகட்டினர். நிலையாமையை உணர்த்தவே இசையின் இனிமையை முழுமையாகக் காட்டியவர்கள் சமணப் புலவர்கள் என்பதை மறந்தனர். மாதவியின் அரங்கேற்றத்தை விளக்கும்போது ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கணத்தை இளங்கோவடிகள் வகுத்துரைக்கிறார். அரங்கின் அளவைக் கோல்கொண்டு அளந்து கூறுகிறார். துறவுபூண்ட ஒருவர் தந்த அந்தச் செய்திகள் இல்லையெனில், பழந்தமிழ் இசையையும் நாடகத்தையும் ஆராய முற்படுவோர் எதைக் கொண்டு தொடங்குவர்? திருத்தக்கதேவரின் சீவகன் யாழ் வென்று காந்தருவதத்தையைக் கைப்பிடிக்கிறான். கொங்குவேளிரின் உதயணன் யாழிசையால் மதயானையை அடக்குகிறான். சித்தன்னவாசல் தூண்களில் ஆடும் மகளிரின் ஓவியங்கள் இருக்கின்றன. அக்குகைக் கோயிலைப் 9ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர். அங்கும் ஆசிரியர் ஒருவரே!

இவற்றினும் நெருங்கிய சான்று ஆதிபகவனின் வரலாற்றிலேயே உள்ளது. ஜினசேனரின் ஆதிபுராணம் கூறுவதும் தமிழில் ஸ்ரீபுராணத்தின் வழியாகக் குடும்பங்கள்தோறும் கேட்கப்பட்டதுமான வரலாறு அது. விருஷபதேவர் தம் மக்களுக்குக் கலைகளைப் பகிர்ந்து கற்பித்தார். பிராமிக்கு எழுத்து, சுந்தரிக்கு எண், விருஷபசேனருக்கு இசை, அனந்தவிஜயருக்கு ஓவியம். எழுத்தும் எண்ணும் போலவே இசையும் ஓவியமும் கற்பிக்கத்தக்க கல்வி என்று முதல் தீர்த்தங்கரரே வகுத்ததாக மரபு கூறுகிறது. அவர் பிறந்தபோது திருமஞ்சனம் முடித்துத் தாயிடம் சேர்ப்பித்த தேவேந்திரன் மகிழ்ச்சி மிகுந்து தானே ஆடினான். பின்னொரு நாள், பகவான் அரசவையில் வீற்றிருக்கையில், அவரைத் துறவின்பால் திருப்பக் கருதிய அதே இந்திரன் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த நீலாஞ்சனை என்னும் ஆடல்மகளை அவைக்கு அனுப்பினான். ஆட்டம் உச்சமடைந்த கணத்தில் அவள் மறைந்தாள். சுவை குன்றாதிருக்க, அவளைப் போன்ற மற்றொருத்தியை இந்திரன் நொடிப்பொழுதில் அங்கே நிறுத்தினான். தாளம் தவறவில்லை, அவையோர் எவரும் மாற்றத்தை அறியவில்லை. பகவான் ஒருவரே அறிந்தார், துறந்தார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லி, ஆடல் இகழப்பட்டது என்று பொருள் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. அவையோர் பார்த்த ஆட்டத்தைத்தான் அவரும் பார்த்தார். ஆழ்ந்து பார்த்தமையால் பிறர் காணாததைக் கண்டார். கவனமின்றிக் கலையைப் பார்த்தவர்க்கு ஒன்றும் நேரவில்லை. உலகத்து முதல் துறவுக்குக் காரணமாக ஒரு சொற்பொழிவையோ வாதத்தையோ வைக்காமல் நாட்டியத்தை வைத்த மரபு கலைக்குப் பகையான மரபாக இருத்தல் அரிது. சமவசரணத்தை வருணிக்கும் இடத்திலும் மானஸ்தம்பம், வாவி, பூஞ்சோலை ஆகியவற்றோடு நாடகசாலைகளையும் புராணம் அமைத்திருக்கிறது. ஆலயம் சமவசரணத்தின் உருவம் என்றால், அதன் முன்னே சங்கீத மண்டபம் இருப்பது முறையே. புஷ்பசேனர் புதுமை எதையும் புகுத்தவில்லை. நூலில் இருந்ததை நிலத்தில் எழுப்புவித்தார்.

மண்டபத்து விதான ஓவியங்களும் இக்கருத்தோடு இயைந்தவை. விருஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் வரலாறுகளும், நேமிநாதரின் உறவினரான கண்ணனின் வரலாறும், தருமதேவியின் முற்பிறப்பு வரலாறும் வரிசை வரிசையாக அங்கே தீட்டப்பட்டுள்ளன. படங்களின் கீழே அவற்றின் பொருள் எழுத்திலும் குறிக்கப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்ல, தெரியாதவர் பார்த்துக் கேட்கலாம். கீழே இசை நிகழ, மேலே புராணம் விரிய, நடுவே சிராவக சிராவகியர் அமர்ந்திருக்கும் இடமாக அம்மண்டபத்தை எண்ணிப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். ஓவியங்கள் ஒரே காலத்தவை அல்ல. மண்டபம் எழுந்த காலத்தை ஒட்டிய பழைய அடுக்கின் மேல் பிற்காலத்தவர் புதிதாகத் தீட்டியுள்ளனர். கலை ஆய்வாளர்க்கு இது குறையாகத் தோன்றலாம். ஆலயத்தாரின் நோக்கில், கதை மங்கியபோதெல்லாம் மீண்டும் எழுத ஒருவர் முன்வந்தார் என்பதே அதன் பொருள்.

இருகப்பரின் காலம் சமணர்க்கு எளிய காலமாக இருந்ததில்லை என்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். 1368இல் சமணருக்கும் வைணவருக்கும் எழுந்த வழக்கில் முதலாம் புக்கர் தலையிட்டு, இரு சமயத்துக்கும் வேறுபாடு இல்லை என்று தீர்ப்பளித்துக் கல்வெட்டில் பொறிப்பித்தார். அரசரே தலையிட்டுக் காப்பாற்ற வேண்டிய நிலை இருந்தது. அத்தீர்ப்புக்குப் பின் 20 ஆண்டுகள் நிறைவதற்குள் காஞ்சியில் இம்மண்டபம் எழுந்தது. நெருக்கடி சூழ்ந்த ஒரு சமூகம் அரணை மட்டுமே தேடும் என்று எதிர்பார்க்கலாம். கூடிக் கேட்க ஓர் இடத்தையும் அது தேடிக்கொண்டது.

பிற்காலத்தில் ஜினகாஞ்சி மடம் செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேல்சித்தாமூரில் நிலைகொண்டது. பட்டாரகர் பீடம் இன்றும் ஜினகாஞ்சி என்னும் பெயரையே தாங்கிவருகிறது. மண்டபம் திருப்பருத்திக்குன்றத்திலேயே நிற்கிறது. அதன் தூண் ஒன்றில் காணப்படும் உருவத்தை இருகப்பருடையது என்று ஆலயத்தார் காட்டுவர். 1934இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்த நூலில் டி.என். இராமச்சந்திரன் இவ்வாலயத்தின் கட்டட அமைப்பையும் கல்வெட்டுகளையும் ஓவியங்களையும் விரிவாக ஆராய்ந்து பதிவுசெய்தார். ஓவியங்களின் கீழுள்ள எழுத்துக் குறிப்புகளையும் காட்சிகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முற்படுவோர்க்கு அந்நூலே முதற்கருவி. அதைக் கையில் கொண்டு விதானத்தை நோக்குவோர், விருஷபதேவரின் வரலாறு தொடங்கும் பகுதியிலிருந்து காட்சிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து செல்லலாம்.